பழைய டீசல் மோட்டார்ஹோமுக்கு எக்ஸாஸ்ட் பிரேக்: பொருத்துவதற்கு முன் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1990களில் கட்டப்பட்ட டீசல் மோட்டார்ஹோம்களில், அதாவது வீட்டு வசதிகளோடு கூடிய வண்டிகளில், மிகப் பல, எஞ்சினைப் பின்புறத்தில் கொண்டவை. ‘டீசல் புஷர்’ என்பது அவற்றுக்கு அங்கே வழங்கும் பெயர். கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினும், அதனோடு இணைந்த அலிசன் தானியங்கி கியர்பாக்ஸும் அவற்றில் பரவலாகக் காணப்படும் இணை. தண்ணீர்த் தொட்டியும் டீசல் தொட்டியும் நிரம்பி, சாமான்களும் ஏறிய பிறகு அத்தகைய வண்டி சுமார் 11 முதல் 13 டன் எடைக்கு வந்துவிடும். சமவெளி நெடுஞ்சாலையில் குறையேதும் தெரியாமல் ஓடும் இவ்வண்டிகள், ராக்கி மலைத்தொடரையோ கலிஃபோர்னியாவின் கணவாய்களையோ கடக்கும்போது மெதுவாகவேனும் ஏறிவிடுகின்றன. இறங்கும்போதுதான், எஞ்சினின் புகைக்குழாயை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சக்கர பிரேக்கைத் தவிர நம்பத்தக்க துணை வேறில்லை என்பது ஓட்டுநருக்குப் புரிகிறது.

பழைய வண்டியை வாங்கியவர் முன்னே அப்போது சில வழிகள் நிற்கின்றன: எக்ஸாஸ்ட் பிரேக்கைப் புதிதாகப் பொருத்துவது, அதைவிட வலிமையான ரிடார்டர் (சக்கர பிரேக்கைப் பயன்படுத்தாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) ஒன்றைப் பொருத்துவது, எதையும் பொருத்தாமல் இருக்கும் பிரேக்கைச் சீர்செய்து மெதுவாக இறங்கப் பழகுவது, அல்லது வண்டியையே மாற்றுவது. பெரும்பாலோர் எந்த நிறுவனத்தின் எக்ஸாஸ்ட் பிரேக் சிறந்தது என்பதிலிருந்து தேடலைத் தொடங்குகிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டியில் இருக்கும் கியர்பாக்ஸ் எது என்பதே முதல் கேள்வி. எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு ஸ்பிரிங்குகள் எத்தகையவை என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் மேலே சொன்ன வழிகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

டீசல் எஞ்சின் ஏன் வண்டியைப் பிடிப்பதில்லை

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், காற்று நுழையும் வழியிலுள்ள தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அதன் பிறகு ஒவ்வொரு பிஸ்டனும் வெற்றிடத்தை எதிர்த்துக் காற்றை இழுக்க வேண்டியிருப்பதால், எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கிறது. 1990களின் இத்தகைய டீசல் எஞ்சின்களில் அத்தகைய தகடு இல்லை. காலை எடுத்தால் டீசல் தெளிப்பு நிற்குமே தவிர, காற்று தடையின்றி உள்ளே வந்து, அழுத்தப்பட்டு, அழுத்தத்துக்குச் செலவான ஆற்றலின் பெரும்பகுதியை அடுத்த வீச்சில் பிஸ்டனுக்கே திருப்பித் தந்துவிட்டு வெளியேறுகிறது. எஞ்சுவது உராய்வும், விசிறியும் பம்புகளும் எடுத்துக்கொள்ளும் சிறு ஆற்றலுமே.

எக்ஸாஸ்ட் பிரேக் இந்தக் குறையை மறுமுனையில் தீர்க்கிறது. டர்போவுக்கு அடுத்த எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு சுழல் தகடு பொருத்தப்படுகிறது. ஓட்டுநர் காலை எடுத்ததும், காற்றழுத்தத்தாலோ வெற்றிடத்தாலோ இயங்கும் சிறு சிலிண்டர் அத்தகட்டை மூடுகிறது. புகைபோக்கியை நோக்கிச் செல்ல வேண்டிய காற்று உள்ளேயே தேங்குவதால், எக்ஸாஸ்ட் வீச்சில் மேலேறும் ஒவ்வொரு பிஸ்டனும் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அவ்வேலைக்கான ஆற்றல் சக்கரங்களிலிருந்து வருகிறது. வெப்பமாக மாறி எஞ்சின் வழியாகவும் எக்ஸாஸ்ட் வழியாகவும் வெளியேறுகிறது. பிரேக் லைனிங்கில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேய்வதில்லை.

எவ்வளவு பிடிப்பு வேண்டும்: ஒரு கணக்கு

ஒப்பீடு என்றால் எண்கள் வேண்டும். 12 டன் எடையுள்ள வண்டி 6 சதவீத இறக்கத்தில், அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் தாழும் சாலையில், இறங்குவதாகக் கொள்வோம். தெற்குக் கலிஃபோர்னியாவின் கஜோன் கணவாயும், லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே ஐ-5 நெடுஞ்சாலையில் ‘கிரேப்வைன்’ என்று அழைக்கப்படும் இறக்கமும், ஓரிகன் எல்லையிலுள்ள சிஸ்கியூ மலைப்பகுதியும் இந்த அளவைச் சேர்ந்தவை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் புவியீர்ப்பு அவ்வண்டிக்குள் செலுத்தும் ஆற்றல் சுமார் 157 கிலோவாட். மோட்டார்ஹோமின் செங்குத்தான முகப்பு காரணமாகக் காற்றுத் தடை சுமார் 34 கிலோவாட்டையும், டயர்களின் உருளல் தடை சுமார் 21 கிலோவாட்டையும் எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 100 கிலோவாட்டை யாரேனும் விழுங்கியாக வேண்டும். இல்லையேல் வேகம் கூடும். நூறு இஸ்திரிப் பெட்டிகள் ஒரே நேரத்தில் கொதிக்கும் வெப்பம் அது. அதில் கால் பங்கை எஞ்சினின் உராய்வு ஏற்றாலும், மீதி முழுவதும் பிரேக் டிரம்களுக்குள் போகிறது. இறக்கம் 10 கிலோமீட்டர் நீண்டால், ஏழெட்டு நிமிடங்கள் இடைவிடாமல் போகிறது.

இப்போது எக்ஸாஸ்ட் பிரேக்கின் பங்கைக் கணக்கிடலாம். குழாயில் தேங்கும் அழுத்தம், எஞ்சினின் கொள்ளளவு, சுழற்சி வேகம் ஆகிய மூன்றின் பெருக்கமே அதன் வலிமை. 5.9 லிட்டர் எஞ்சினில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு அழுத்தம் தேங்கினால், நிமிடத்துக்கு 2,400 சுற்றில் சுமார் 49 கிலோவாட் கிடைக்கும். எஞ்சினின் சொந்த உராய்வையும் கியர்பாக்ஸின் இழப்பையும் சேர்த்தால் 80 கிலோவாட்டுக்கு அருகில் வரும். அதே அழுத்தத்தில் 1,500 சுற்றில் கிடைப்பது 30 கிலோவாட் மட்டுமே. எக்ஸாஸ்ட் பிரேக் ‘ஒன்றுக்கும் உதவவில்லை’ என்று குறைசொல்வோர் பலர், அதைக் குறைந்த சுற்றில், பெரிய கியரில் சோதித்தவர்களாகவே இருப்பார்கள்.

வேகத்தைக் குறைத்தால் இரு பக்கமும் நன்மை. பின் அச்சின் விகிதம் 4.88 கொண்ட ஒரு வண்டியில், ஆறு கியர் அலிசனின் இரண்டாம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 2,400 சுற்று. அந்த வேகத்தில் 6 சதவீத இறக்கத்தில் விழுங்க வேண்டிய ஆற்றல் 77 கிலோவாட்டாகக் குறைந்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் பிரேக்கும் எஞ்சினுமாகத் தருவதும் ஏறக்குறைய அதே அளவு. ஆகவே மணிக்கு 50 கிலோமீட்டரில், அதாவது 31 மைலில், வண்டி தானாகவே நிலைத்து இறங்கும். கால் பிரேக்கைத் தொட வேண்டியதில்லை. அதே வண்டி, அதே சாலை, அதே எக்ஸாஸ்ட் பிரேக். ஆனால் 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்காம் கியரில் இறங்கினால் சுற்று 2,060 அளவில் நின்று, பிடிப்பு 67 கிலோவாட்டைத் தாண்டாது. தேவையோ 100. மீதமுள்ள மூன்றில் ஒரு பங்கு டிரம்களுக்குப் போகும். லாரி ஓட்டுநர்கள் வழிவழியாகச் சொல்லும் ‘ஏறிய கியரிலேயே இறங்கு’ என்ற விதி, எக்ஸாஸ்ட் பிரேக் வாங்கியவருக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

வயோமிங் மாநிலத்தின் டீட்டன் கணவாய் போன்ற 10 சதவீத இறக்கங்களில் கணக்கே வேறு. அங்கே இரண்டாம் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டரில் தேவைப்படும் பிடிப்பு 140 கிலோவாட்டைத் தொடுகிறது. எந்த எக்ஸாஸ்ட் பிரேக்கும் இந்த அளவு எஞ்சினைக்கொண்டு அதைத் தனியாகத் தராது. எஞ்சினின் உராய்வோடு சேர்ந்து, தேவையில் பாதிக்குமேல் ஏற்கும், அவ்வளவே. அந்தப் பாதியும் உயிர்காக்கும் பாதி என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

கியர்பாக்ஸ் தீர்மானிக்கும் விஷயம்

மேலே சொன்ன கணக்குகள் அனைத்தும், சக்கரமும் எஞ்சினும் இரும்புப் பிடியாக இணைந்திருப்பதாகக் கொண்டவை. தானியங்கி கியர்பாக்ஸில் அவ்விணைப்பைத் தருவது, எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச். அது இல்லாவிட்டால், அல்லது அந்த நேரத்தில் பூட்டிக்கொள்ளாவிட்டால், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் மட்டுமே இருக்கிறது. எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றும் திசையில் அந்த எண்ணெய் நன்றாக வேலை செய்யும். சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டிய எதிர்த் திசையில் வழுக்கும். எக்ஸாஸ்ட் பிரேக் எஞ்சினை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் எஞ்சினின் சுற்றுதான் குறையும். வண்டி தன்போக்கில் போகும். வழுக்கும் எண்ணெய் சூடேறி, கியர்பாக்ஸுக்கும் கேடு விளையும்.

1990களின் தொடக்கத்தில் குறைந்த விலை டீசல் புஷர்களில் பரவலாக வந்த அலிசன் ஏடி 545 என்னும் நான்கு கியர் பெட்டிக்கு லாக்-அப் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது அதுவானால், எக்ஸாஸ்ட் பிரேக்கில் பணத்தைப் போட வேண்டாம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். பொருத்தித் தருவதாகச் சொல்லும் பணிமனைகள் இருக்கலாம், பொருத்தவும் முடியும், கிடைக்கும் பலன் செலவுக்கு ஈடாகாது. கியர்பாக்ஸை மாற்றிவிட்டுப் பொருத்துவது என்று சிலர் திட்டமிடுகிறார்கள். பெட்டி, அதன் தாங்கிகள், டிரைவ் ஷாஃப்ட், எண்ணெய்க் குளிர்விப்பான், கட்டுப்பாட்டு இணைப்புகள் என ஒவ்வொன்றாகச் சேரும்போது, லாக்-அப் உள்ள கியர்பாக்ஸோடு கட்டப்பட்ட வேறொரு வண்டிக்கு மாறுவதே அநேகமாகச் சிக்கனமான வழியாக இருக்கும்.

எம்டி (MT) 643 என்னும் பெட்டியும் நான்கு கியர் கொண்டதே; ஆனால் லாக்-அப் உண்டு. கணினி இல்லாத, எண்ணெய் அழுத்தத்தால் மட்டும் இயங்கும் பெட்டி என்பதால், லாக்-அப் பூட்டியிருக்கும்போது மட்டும் எக்ஸாஸ்ட் பிரேக் வேலைசெய்யும்படி ஓர் அழுத்தச் சுவிட்சை இணைப்பது வழக்கம். கீழ்க் கியரை ஓட்டுநரே தேர்ந்து பிடித்துவைக்க வேண்டும். வேகம் குறைந்து லாக்-அப் விடுபட்டதும் பிடிப்பும் விடுபடும் என்பதைப் பழகிக்கொண்டால், இது நல்ல இணையாகவே அமையும்.

1991இல் அலிசன் அறிமுகப்படுத்திய மின்னணுக் கட்டுப்பாட்டு வரிசையைச் சேர்ந்த எம்டி (MD) 3060தான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமான பெட்டி. அதன் கணினிக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பதை அறிவித்துவிட்டால், பிரேக் இயங்கும்போது லாக்-அப்பைக் குறைந்த வேகம்வரை பிடித்துவைக்கும். முன்கூட்டியே குறித்த கீழ்க் கியரை நோக்கித் தானாகவே படிப்படியாக இறங்கும். எஞ்சின் சுற்று எல்லை மீறும் நிலையிருந்தால், சுற்று குறையும்வரை கியரை இறக்காமல் காத்திருக்கும். முன்குறித்த கியர் பெரும்பாலும் இரண்டாக இருக்கும். சமவெளியில் சிக்னலுக்கு முன் காலை எடுத்தாலும் வண்டி இழுத்துப் பிடிக்கிறதே என்று சிலர் அதை நான்காக மாற்றிக்கொள்கிறார்கள். செங்குத்தான இறக்கங்களுக்கு அடிக்கடி போகிறவர் இரண்டையே வைத்துக்கொள்வது நல்லது. சமவெளியில் சுவிட்சை அணைத்துவிடலாமே.

இந்தப் பெட்டியைப் பற்றி ஓட்டுநர் மனத்தில் பதிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறக்கம் வலுத்து, எஞ்சின் சுற்று பாதுகாப்பு எல்லையைத் தாண்டினால், எஞ்சினைக் காப்பாற்றுவதற்காகப் பெட்டி தானாகவே மேல் கியருக்கு மாறக்கூடும். அந்த நொடியில் சுற்று குறைகிறது, எக்ஸாஸ்ட் பிரேக்கின் வலிமை குறைகிறது, வேகம் கூடுகிறது. மிக வேண்டிய நேரத்தில் பிடிப்பு நழுவுவதைத் தவிர்க்க, சுற்று காட்டும் முள் எல்லையை நெருங்கும்போதே கால் பிரேக்கால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்திய பிறகு வேகமானியைவிடச் சுற்றுமானியையே அதிகம் பார்க்கப் பழகுவது அவசியம்.

எஞ்சினின் தாங்குதிறன்: ஸ்பிரிங் செலவை ஒதுக்கிவையுங்கள்

கம்மின்ஸ் 5.9 எஞ்சினில் இரண்டு தலைமுறைகள் உண்டு. 1998 வாக்கில் மாறும்வரை வந்தது 12 வால்வு கொண்ட, இயந்திரப் பம்பால் இயங்கும் எஞ்சின். பிறகு வந்த ஐஎஸ்பி, 24 வால்வும் மின்னணுக் கட்டுப்பாடும் கொண்டது. எக்ஸாஸ்ட் குழாயில் தேங்கும் அழுத்தம் அளவுக்கு மீறினால், மூடியிருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வை அது பின்புறமிருந்து தள்ளித் திறந்துவிடும். திறந்த வால்வு திரும்பத் தன் இருக்கையில் மோதுவதால் தேய்மானமும், நிலைமை மோசமானால் பிஸ்டனோடு மோதலும் நேரலாம். வால்வை மூடிவைப்பது ஸ்பிரிங் என்பதால், ஸ்பிரிங்கின் வலிமையே அழுத்தத்தின் மேல்வரம்பு.

12 வால்வு எஞ்சினின் சாதாரண ஸ்பிரிங் 60 பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்றதன்று. பணிமனைகளில் ‘60 பவுண்டு ஸ்பிரிங்’ என்று கேட்டு வாங்கிப் போடும் மாற்றம் இதற்காகத்தான். மாற்றாமலே, அழுத்தத்தை 35 பவுண்டு அளவில் கட்டுப்படுத்திப் பொருத்தினால் என்ன ஆகும் என்றும் பார்க்கலாம்: 2,400 சுற்றில் 49 கிலோவாட் கிடைத்த இடத்தில் 28 மட்டுமே கிடைக்கும். சுவிட்சு, தகடு, குழாய், கூலி எல்லாவற்றுக்கும் முழுச் செலவைச் செய்துவிட்டு, பலனில் பாதியை மட்டும் பெறுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்பிரிங்குகளின் விலை, முழு வேலையின் செலவில் சிறு பங்கே. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து வால்வைத் தாங்கச் செய்து மாற்றிவிட முடியும். மோட்டார்ஹோமில் எஞ்சினுக்குக் கை எட்டுவதுதான் சிரமம்: பல வண்டிகளில் எஞ்சின் படுக்கைக்குக் கீழே இருப்பதால், மெத்தையையும் தரைப் பலகையையும் எடுத்துவிட்டு மேலிருந்து குனிந்து வேலை செய்ய வேண்டும். ஐஎஸ்பி எஞ்சின் பொதுவாக எக்ஸாஸ்ட் பிரேக்கை எதிர்பார்த்தே வடிவமைக்கப்பட்டது. ஆயினும் எஞ்சின் தகட்டிலுள்ள வரிசை எண்ணையும், அதன் பாகங்களின் பட்டியலைக் குறிக்கும் சிபிஎல் எண்ணையும் கம்மின்ஸ் டீலரிடம் கொடுத்து உறுதிசெய்துகொண்ட பிறகே பொருளை வாங்க வேண்டும்.

தகட்டின் வகையிலும் தேர்வு இருக்கிறது. பழைய, எளிய வகையில் தகடு மூடியபோதும் மாறாத அளவுள்ள ஒரு துளை திறந்திருக்கும். உச்சச் சுற்றில் அழுத்தம் வரம்பைத் தாண்டாதபடி அத்துளையை அளந்திருப்பார்கள். அதனால் குறைந்த சுற்றில் காற்று எளிதாக நழுவி, அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்துவிடும். அழுத்தத்துக்கேற்பத் தானாகத் திறப்பை மாற்றிக்கொள்ளும் இரண்டாவது வகை, நடுத்தரச் சுற்றிலும் வரம்பை ஒட்டிய அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும். கனடாவின் பேக்பிரேக் நிறுவனம் ‘பிஆர்எக்ஸ்பி’ என்ற பெயரில் விற்பது இவ்வகை. மலைப்பாதையில் எப்போதும் உச்சச் சுற்றில் இறங்க முடிவதில்லை. வளைவுகளில் வேகம் குறையும், சுற்றும் குறையும். எனவே விலை கூடுதலானாலும் இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன்.

வலிமையான மாற்றுகள்

எக்ஸாஸ்ட் பிரேக்கைவிட வலிமையானவை இருக்கின்றன. ஆனால் அவை பழைய 5.9 வண்டிக்கு எட்டுமா என்பது வேறு.

கம்ப்ரஷன் பிரேக்கின் பிறப்பே மலை இறக்கத்தோடு தொடர்புடையது. கம்மின்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931இல் டீசல் லாரியில் நாட்டைக் குறுக்காகக் கடந்தபோது கஜோன் கணவாயில் பிரேக் பிடிக்காமல் போய், அடிவாரத்தில் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த ரயிலோடு மோதுவதிலிருந்து மயிரிழையில் தப்பினார். பிற்காலத்தில் அவர் கண்டுபிடித்த கருவியை ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் தயாரிக்கத் தொடங்கியது. ‘ஜேக் பிரேக்’ என்று அது பெயர் பெற்றது. அழுத்தப்பட்ட காற்றை வீச்சின் உச்சியில் வெளியேற்றிவிடுவதால், அழுத்தத்துக்குச் செலவான ஆற்றல் பிஸ்டனுக்குத் திரும்புவதில்லை. பிடிப்பு பெரியது, ஓசையும் பெரியது. குடியிருப்புகளுக்கு அருகே அதைத் தடைசெய்யும் பலகைகளை அமெரிக்கச் சாலைகளில் காணலாம். எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்ப்ரஷன் பிரேக் பெரிய எஞ்சின்களின் உள்ளுறுப்பு, பழைய 5.9 எஞ்சினில் பிறகு சேர்த்துக்கொள்ளும் பொருளாக அதைக் கருத வேண்டாம்.

மின்காந்த ரிடார்டர், குறிப்பாக பிரான்ஸின் டெல்மா, டிரைவ் ஷாஃப்ட்டில் பொருத்தப்படுவது. எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும் அதற்குத் தொடர்பில்லை. லாக்-அப் இல்லாத ஏடி 545 வண்டியிலும் முழு வலிமையோடு வேலைசெய்யும். ஆகவே கொள்கையளவில் அத்தகைய வண்டிக்கு இதுவே சரியான விடை. நடைமுறையில் தடை மூன்று. டீசல் புஷரில் கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவேயுள்ள டிரைவ் ஷாஃப்ட் மிகக் குட்டையானது. ரிடார்டருக்கு இடம் கிடைப்பது அரிது. எடையும் அதிகம், ஏற்கெனவே சுமை வரம்பை ஒட்டி நிற்கும் பின் அச்சின் மேலேயே அது ஏறும். மின்னோட்டமும் மிகுதியாகத் தேவைப்படும். எஞ்சினை முன்புறம் கொண்ட, நீண்ட டிரைவ் ஷாஃப்ட் உள்ள டீசல் மோட்டார்ஹோமானால், செலவு எக்ஸாஸ்ட் பிரேக்கைப்போல் பல மடங்கு என்றாலும், இதைத் தீவிரமாகப் பரிசீலிக்கலாம்.

அலிசன் பெட்டியின் பின்முனையில் அமைந்த ஹைட்ராலிக் ரிடார்டர் மிகவும் இதமானது, வலிமையானது. எந்த எஞ்சின் சுற்றையும் சார்ந்திராதது. ஆனால் அது விழுங்கும் வெப்பம் முழுவதும் ரேடியேட்டரை நோக்கி வரும். தொழிற்சாலையில் அதற்கேற்ற குளிர்விப்போடு கட்டப்பட்ட வண்டியில் அது வரம்; பிறகு சேர்ப்பது கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டும் வேலை.

எதையும் பொருத்தாமல் இருப்பது

இந்த வழியையும் மதித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளோரிடா, டெக்சஸ் சமவெளிகளுக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு எக்ஸாஸ்ட் பிரேக் தேவையில்லை. ஏடி 545 வண்டி வைத்திருப்பவருக்கும் இதுவே பெரும்பாலும் முடிவாகும். அப்படியானால் செலவைப் பிரேக்கின் மேல் திருப்ப வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் டிரம் சூடேறும்போது விரிந்து ஷூவைவிட்டு விலகுவதால், ஷூவை இயக்கும் தள்ளுதண்டு நகர வேண்டிய தூரம் கூடுகிறது. சரிசெய்யப்படாத பிரேக்கில் அத்தூரம் தீர்ந்துபோய்ப் பிடிப்பே இல்லாமல் போகும். ஹைட்ராலிக் பிரேக் கொண்ட பழைய புஷர்களில் பிரேக் திரவமே கவலைக்குரியது. புதிய டாட் 3 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கிவிடலாம். பல ஆண்டுகள் மாற்றப்படாத திரவத்தோடு மலையிறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸாஸ்ட் பிரேக் வாங்க முடிவுசெய்தவரும் முதலில் அதை மாற்றிவிட்டே மேற்கொண்டு போக வேண்டும்.

பிரேக் பிடிக்கும் முறையும் முக்கியம். அமெரிக்க வணிக ஓட்டுநர் கையேடுகள் சொல்வது இது: கீழ்க் கியரில், பாதுகாப்பான வேகம் மணிக்கு 40 மைல் என்று கொண்டால், 40ஐத் தொட்டதும் திடமாகப் பிரேக் அழுத்தி, சுமார் 3 விநாடிகளில் 35க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிட வேண்டும், மீண்டும் 40 வரும்போது அதையே செய்ய வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தாலும் 10 சதவீத இறக்கத்தில் இம்முறை தேவைப்படும்.

பொருத்தும்போதும் பிறகும்

12 வால்வு எஞ்சினில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டதை அறிய, டீசல் பம்பின் கைப்பிடியருகே ஒரு சிறு சுவிட்சு வைக்கப்படும். அது சற்றே தவறி அமைந்தாலும், டீசல் தெளிக்கும்போதே தகடு மூடி எக்ஸாஸ்ட் வெப்பம் அபாயமாக ஏறக்கூடும். எனவே வண்டியை எடுத்துச் செல்லுமுன் அதை நேரில் இயக்கிக்காட்டச் சொல்லுங்கள். மின்னணு எஞ்சினிலும் பெட்டியிலும் கம்பி இணைத்தால் மட்டும் போதாது; எஞ்சின் கணினியிலும் அலிசன் கணினியிலும் அந்த வசதியை மென்பொருள் வழியாக இயக்கிவிட வேண்டும். பொருத்துபவர் இவ்விரண்டையும் தாமே செய்வாரா, டீலரிடம் தனியாகப் போக வேண்டுமா என்பதை விலை பேசும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. ஏர் பிரேக் வண்டியில் தகட்டை இயக்கக் காற்று ஏற்கெனவே இருக்கிறது. ஹைட்ராலிக் பிரேக் வண்டிக்குச் சிறு மின் கம்ப்ரெஸரோ வெற்றிடப் பம்போ கூடுதலாக வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிவிருந்தால் அழுத்தம் அங்கே வெளியேறிவிடும் என்பதால், அதைச் சரிசெய்வதும் இதே வேலையில் சேரும்.

பொருத்தியபின், பயன்படுத்தாமல் வைத்திருப்பதுதான் இக்கருவிக்குப் பெரிய கேடு. கரி படிந்து தகட்டின் அச்சு இறுகிவிடும். மூடிய நிலையில் இறுகினால் வண்டி வலுவிழக்கும், திறந்த நிலையில் இறுகினால் இறக்கத்தின் தொடக்கத்தில்தான் அது தெரியவரும். சமவெளியிலும் அவ்வப்போது இயக்கி, தயாரிப்பாளர் சொல்லும் உயர்வெப்ப மசகை அச்சில் இட்டுவர வேண்டும்.

எக்ஸாஸ்ட் பிரேக்கின் பிடிப்பு முழுவதும் பின் சக்கரங்களில்தான் விழுகிறது. உலர்ந்த சாலையில், எடை பின்னால் இருக்கும் புஷருக்கு அது சாதகமே. மழையோ பனியோ படிந்த சாலையில், பின்னே ஒரு காரையும் இழுத்துச் செல்லும்போது, பின் சக்கரம் வழுக்கினால் அந்தக் கார் வண்டியின் வாலைப் பக்கவாட்டில் தள்ளிவிடக்கூடும். அங்கே சுவிட்சை அணைத்துவிட்டு மெதுவாக இறங்குவதே முறை. இழுக்கப்படும் காருக்குத் தனி பிரேக் கருவி இல்லாதவர்கள், எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு முன்பே அதை வாங்க வேண்டும் என்பேன். 1.8 டன் கார் ஒன்று, 6 சதவீத இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் சுமார் 15 கிலோவாட்டைக் கூட்டுகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் சமன்செய்து வைத்திருந்த கணக்கை அதுவே குலைக்கும், அப்போது இன்னும் சற்றுக் குறைந்த வேகத்தில் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும்.